அந்நியமாதலும் அந்நியமாக்கலும்: ‘அனோமலிசா’ அசைவூட்டப் படத்தில் குரலும் மொழியும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ‘ஏலியனேஷன்’ எனப்படும் கருத்துக்குத் தமிழில் ‘அந்நியமாதல்’ என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. எஸ்.வி. ராஜதுரை தம் நூல் ஒன்றுக்கு இதனையே தலைப்பாக அமைத்தார். திறனாய்வாளர்களும் சமூக அறிவியலாளர்களும் இச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். எனினும் மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்கவேண்டிய ஒரு செய்தி இதில் உண்டு. ஆங்கிலச் சொல் ஒருவர் தாமே பிறரிடமிருந்து விலகிப் போவதையும், பிறர் அவரை விலக்கி வைப்பதையும் ஒருசேரக் குறிக்கவல்லது. தமிழிலோ ‘ஆதல்’, ‘ஆக்கல்’ என்னும் இணை குறுக்கிடுகிறது. அந்நியமாதல் தன்வினை, அந்நியமாக்கல் பிறவினை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்ட அளவிலேயே, நேர்ந்த விலகலுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கும் ஓரளவு விடை கூறியவராகிறோம்.

இந்த வினாவையே மையமாகக் கொண்ட படைப்பு ஒன்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சார்லி காஃப்மன், டியூக் ஜான்சன் ஆகிய இருவரும் இயக்கி 2015இல் வெளிவந்த ‘அனோமலிசா’ என்னும் அமெரிக்க அசைவூட்டப் படமே அது. ஒரு மனிதனின் தனிமையை இப்படம் முகபாவத்தாலோ கதைநிகழ்ச்சியாலோ அன்றி, முதன்மையாகக் குரலால் காட்டுகிறது. ஆதலின் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் தனி அக்கறை இருத்தல் இயல்பு. இப்படத்தைப் பற்றிய பேச்சில் ஒரு நோயின் பெயர் முன்னிற்கிறது. அப்பெயர் படம் திறந்து வைத்துள்ள வினாவை மூடிவிடுகிறது என்பதும், அதே தவற்றை மொழிபெயர்ப்பும் செய்துவிடக்கூடும் என்பதும் இங்கு நிறுவப்படும்.

2. படத்தின் தோற்றமும் கதையும்

‘அனோமலிசா’ முதலில் செவிக்கென எழுதப்பட்டது. 2005இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘ஒலி நாடகம்’ என்ற வடிவில் காஃப்மன் இதனை அளித்தார். நடிகர்கள் மேடையில் அமர்ந்து உரையாடலைப் படித்தனர். இசையும் ஒலிகளும் உடன் சேர்ந்தன. அன்று குரல் கொடுத்த டேவிட் தியூலிஸ், ஜெனிஃபர் ஜேசன் லீ, டாம் நூனன் ஆகிய மூவருமே பின்னர்ப் படத்திலும் குரல் கொடுத்தனர். 2012இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டிப் படப்பணி தொடங்கப்பட்டது. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுத்து இயக்கம் தோன்றச் செய்யும் முறையில் இது உருவாயிற்று. வெனிஸ் திரைப்பட விழாவில் 2015இல் நடுவர் குழுவின் பெரும்பரிசு இதற்குக் கிடைத்தது.

கதை சுருக்கமானது. மைக்கேல் ஸ்டோன் வாடிக்கையாளர் சேவை பற்றி நூல் எழுதிப் புகழ் பெற்றவன், ஆங்கிலேயன், அமெரிக்காவில் குடும்பத்துடன் வாழ்பவன். சொற்பொழிவு ஒன்றுக்காகச் சின்சினாட்டி நகருக்கு வந்து ஃபிரெகோலி என்னும் விடுதியில் ஓர் இரவு தங்குகிறான். வாடகைக் கார் ஓட்டுநர், விடுதிப் பணியாளர், தொலைபேசியில் பேசும் மனைவி, சிறுவனான மகன், பல்லாண்டுகளுக்கு முன் அவன் கைவிட்டுச் சென்ற பெல்லா ஆகிய அனைவரும் அவன் செவியில் ஒரே ஆண்குரலாகவே ஒலிக்கின்றனர். அவர்களின் முகங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. அவ்விரவில் விடுதி நடைவழியில் வேறொரு குரல் கேட்கிறது. அவன் ஓடிச்சென்று கதவுகளைத் தட்டி அதனைத் தேடுகிறான். அது லிசா என்னும் பெண்ணின் குரல். அவன் சொற்பொழிவைக் கேட்பதற்காகத் தோழி எமிலியுடன் ஏக்ரனிலிருந்து வந்தவள் அவள். அவளுடைய பணியும் வாடிக்கையாளர் சேவையே. அன்றிரவு இருவரும் நெருங்குகின்றனர். மறுநாள் காலை உணவின்போது அவள் குரலிலும் அந்தப் பொதுக்குரல் மெல்லக் கலந்து, பின் அதனை மூடிவிடுகிறது.

3. ஒரே குரல்

நடிகர் நடிக்கும் திரைப்படத்தில் குரலும் உடலும் ஒருவருடையவை என்றே பார்வையாளர் கொள்கின்றனர். அசைவூட்டப் படத்தில் குரல் எப்போதும் புறத்திலிருந்து வந்து சேர்வது. பொம்மைக்கோ சித்திரத்துக்கோ தொண்டை இல்லை என்பதைப் பார்வையாளர் அறிவர். அறிந்தே அதனை ஒப்புக்கொள்கின்றனர். இவ்வொப்புதல் இருப்பதால் ஒருவரே பலருக்குக் குரல் கொடுப்பது இக்கலையில் பழைய வழக்கம். வார்னர் சகோதரர்களின் சித்திரப் படங்களில் பக்ஸ் பன்னி முதலான பல பாத்திரங்களுக்கு மெல் பிளாங்க் என்னும் ஒருவரே குரல் தந்தார். நம் தோல்பாவைக் கூத்திலும் திரைக்குப் பின் அமர்ந்த கலைஞர் ஒருவரே அரசனாகவும், அரக்கனாகவும், உச்சிக்குடும்பனாகவும், உளுவத்தலையனாகவும் பேசுகிறார். இவ்விரு மரபுகளிலும் கலைத்திறன் என்பது வேறுபடுத்திக் காட்டும் திறனே. சுருதியை ஏற்றியும் இறக்கியும், நடையை விரைவாக்கியும் தளர்த்தியும், வட்டார வழக்கை மாற்றியும் ஒரு தொண்டையிலிருந்து ஓர் ஊரையே படைப்பர்.

‘அனோமலிசா’ இத்திறனை வேண்டுமென்றே துறக்கிறது. நூனன் பெண் பாத்திரங்களுக்குப் பெண்குரலைப் போலி செய்யவில்லை. சிறுவனுக்காகச் சுருதியை உயர்த்தவும் இல்லை. சினமும் அழுகையும் வரும் இடங்களில் தொனி மாறுகிறது. குரலின் அடிப்படைப் பண்பு மாறுவதில்லை. மொழியியல் நோக்கில் இதனை இரு கூறாகப் பிரித்துக் காணலாம். பேச்சு, பேசப்படும் பொருளைத் தெரிவிப்பதுடன் பேசுபவர் இன்னார் என்பதையும் தெரிவிக்கிறது. முன்னதைச் சொற்பொருள் என்றால், பின்னதை ஆள் அடையாளம் எனலாம். படத்தில் சொற்பொருள் முழுமையாக நிற்கிறது. ஆள் அடையாளம் மட்டும் துடைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் மைக்கேல் யாரையும் வேறொருவராக மாற்றி எண்ணுவதில்லை. தொலைபேசியில் பேசுவது மனைவி என்றும், மதுக்கூடத்தில் எதிரே இருப்பவள் பெல்லா என்றும் அவன் அறிவான். பேச்சின் பொருள், சூழல், உறவு ஆகியவற்றைக் கொண்டு ஆளை அறிகிறான். அவனிடம் இல்லாமற்போனது அறியும் ஆற்றல் அன்று; ஒருவர் மற்றொருவரிலிருந்து வேறானவர் என்பதால் விளையும் ஈர்ப்பு. மனைவி மனைவியாகவே தெரிகிறாள். எனினும் எவராயினும் ஒன்றே என்று அவன் செவி சொல்கிறது. அந்நியமாதலின் இந்தக் கூறினை நடிகர் நடிக்கும் படத்தில் இவ்வளவு எளிதாகக் காட்ட இயலாது. குரலும் உடலும் பிரிந்தே இருக்கும் கலைவடிவில் அது இயல்பாகக் கைகூடுகிறது.

முகங்களின் ஆக்கத்திலும் இதே நெறி காணப்படுகிறது. இவ்வகைப் பொம்மைகளின் முகம் மேல், கீழ் என இரு பகுதிகளாகச் செய்யப்பட்டு, பாவத்துக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தப்படும். இடையே விழும் கோட்டைப் படம் முடிந்தபின் அழித்துவிடுவது பொதுவழக்கம். இப்படத்தில் அக்கோடு அழிக்கப்படாமலே விடப்பட்டுள்ளது. கனவுக் காட்சி ஒன்றில் மைக்கேலின் முகத்தட்டு கழன்றும் விழுகிறது. முகம் பொருத்தப்பட்டது என்பதை மறைக்காத படம், குரல் பொருத்தப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை.

4. சேவை மொழி

மைக்கேல் வாடிக்கையாளர் சேவை வல்லுநனாகப் படைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. பணியாளர் தம் உணர்வையே வேலைக் கருவியாக்கும் நிலையை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் விரிவாக ஆராய்ந்தார். அழைப்பு மையங்களில் பணியாளரின் பேச்சுநடையை நிறுவனமே வகுத்துத் தருவதை மொழியியலாளர் டெபோரா கேமரன் 2000இல் எடுத்துக்காட்டினார். வணக்கம் கூறும் முறை, வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லவேண்டிய இடம், குரலில் தோன்றவேண்டிய புன்னகை ஆகியன முன்கூட்டியே எழுதித் தரப்படுகின்றன. பேசுபவர் மாறலாம், பேச்சு மாறலாகாது என்பதே இதன் விதி.

இந்தியாவில் இதனை நாம் நேரில் அறிவோம். அயல்நாட்டு அழைப்புகளுக்கு விடையளிக்கும் மையங்கள் பெங்களூர், தில்லி முதலிய நகரங்களில் பெருகியபோது, பணியாளரின் தாய்மொழிச் சாயலை ஆங்கிலத்திலிருந்து நீக்கும் பயிற்சி தனித் தொழிலாகவே வளர்ந்தது. கன்னடரும் தமிழரும் பஞ்சாபியரும் ஒரே ஒலிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத குரலே அங்கு விரும்பப்பட்ட குரல்.

இவ்வகையில் நோக்கினால் படத்தின் ஒரே குரல் மைக்கேலின் செவிக்கோளாறு மட்டுமே ஆகாது. அவன் கற்பித்த மொழியின் விளைவாகவும் கொள்ளத்தக்கது. விடுதியில் அவனிடம் பேசும் ஒவ்வொருவரும் அவன் நூல் கற்பிக்கும் முறையிலேயே பேசுகின்றனர். அவன் சொற்பொழிவிலோ ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனி ஆள் என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்ற அறிவுரை வருகிறது. அதனைக் கூறும்போதே அவன் நிலைகுலைகிறான். ஒருவரின் தனித்தன்மையைக் கண்டறிவதை விதியாக்கி, அவ்விதியை அனைவருக்கும் ஒன்றாகப் பயிற்றுவிப்பதில் உள்ள முரண் அவ்வரங்கில் வெளிப்படுகிறது. இப்பகுதியை மட்டும் கொண்டு முடிவு செய்தால், இது அந்நியமாக்கல்: உலகம் ஒருவனுக்குச் செய்தது.

5. நோய்ப்பெயரும் அதன் எல்லையும்

விடுதியின் பெயர் ‘ஃபிரெகோலி’. ஒலி நாடகத்தைக் காஃப்மன் எழுதியதும் பிரான்சிஸ் ஃபிரெகோலி என்னும் புனைபெயரிலேயே. லியோபோல்டோ ஃபிரெகோலி நொடியில் வேடம் மாற்றிப் பல பாத்திரங்களாகத் தோன்றிய இத்தாலிய மேடைக் கலைஞர். 1927இல் கூர்போன், ஃபாய் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு பிறழ்நம்பிக்கைக்கு அவர் பெயரை இட்டனர். அவர்கள் விவரித்த இளம்பெண், நாடக நடிகையர் இருவர் வெவ்வேறு மனிதர்களின் உருவில் தன்னைத் தொடர்ந்து துன்புறுத்துவதாக நம்பினாள். பலர் எனத் தோன்றுவோர் உண்மையில் வேடமிட்ட ஒருவரே என்பது இந்நோயின் சாரம்.

இப்பெயரைக் கண்ட விமரிசகர் பலர் மைக்கேலுக்கு இந்நோய் என்று கூறி அமைவர். இம்முடிவு பொருந்துமாறில்லை. விழித்திருக்கும்போது மைக்கேல் யாரையும் வேடதாரி என்று நம்புவதில்லை. தன்னைச் சூழ்ந்தோர் அனைவரும் ஒன்றுகூடித் தன்னையும் லிசாவையும் பிரிக்க முயல்கின்றனர் என்ற அச்சம் கனவிலேயே தோன்றுகிறது. பழகிய குரல்களை அடையாளம் காண இயலாத குறைபாடு ஒன்றும் உண்டு. வான் லாங்கர், கான்டர் ஆகியோர் 1982இல் அதற்கு ‘ஃபோனக்னோசியா’ எனப் பெயரிட்டனர். மைக்கேல் ஆட்களை அறிவதால் அப்பெயரும் முழுமையாகப் பொருந்தாது. விடுதியின் பெயர்ப்பலகையில் படம் நோயின் பெயரை எழுதியிருப்பது உண்மையே. அப்பெயரைப் பாத்திரங்களுள் எவரும் மைக்கேலின் மேல் சார்த்துவதில்லை. அவன் அவ்விடத்தில் ஓர் இரவு தங்குகிறான், அவ்வளவே.

பெயரிடுதல் எப்போதும் தீங்கு என்பது கட்டுரையாளரின் கருத்தன்று. மனச்சிதைவு நோய்க்கு வழங்கிய பழைய ஜப்பானியப் பெயர் ‘மனம் பிளவுபட்ட நோய்’ என்று பொருள்பட்டதால், நோயாளிகளின் குடும்பத்தினர் வேண்டியதற்கிணங்க அந்நாட்டு மனநல மருத்துவக் கழகம் 2002இல் அதனை மாற்றியது. ஒரு பெயர் நோயாளியைச் சிகிச்சையின்பால் கொண்டுசெல்லவும் கூடும், ஊரிலிருந்து ஒதுக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளுக்கு ஒத்துவராமை மட்டுமே மனநோயைத் தீர்மானிக்கும் அடிப்படையாகாது என்று வரையறுத்துள்ளது.

பெயரின் மற்றொரு பயனைப் படமே காட்டுகிறது. தான் பிறரைப் போல இல்லை என்று வருந்தி வந்த லிசா, அந்நிலைக்கு ‘அனோமலி’ என்று ஒரு சொல் இருப்பதை அறிந்தபின் அவ்வேறுபாட்டைச் சிறிது விரும்பவும் தொடங்கியதாகக் கூறுகிறாள். மைக்கேல் அச்சொல்லை அவள் பெயருடன் இணைத்து ‘அனோமலிசா’ என்கிறான். அவள் தன் நிலைக்குத் தானே ஏற்றுக்கொண்ட பெயர் அவளுக்கு ஆறுதல் தருகிறது. மைக்கேலுக்கு நாம் புறத்திலிருந்து சூட்டும் நோய்ப்பெயரோ அவனைக் கேட்பதிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது.

நோய் அன்றெனில் குற்றம் உலகினுடையதா? காலை உணவுக் காட்சி இதற்கு இடங்கொடுக்கவில்லை. லிசா முட்கரண்டியைப் பல்லில் படவைத்து உண்கிறாள். வாயில் உணவுடன் பேசுகிறாள். மைக்கேல் எரிச்சலுற்று அவளைத் திருத்துகிறான். பொதுக்குரல் அவள் பேச்சில் கலக்கத் தொடங்குவது அவ்வேளையில்தான். முந்தைய இரவில் அவளைத் தனித்துக் காட்டிய இயல்புகளே இப்போது அவனுக்குப் பிழைகளாகின்றன. இறுதிக் காட்சியில் லிசா காரில் ஊர் திரும்புகிறாள். அவளருகே இருக்கும் எமிலிக்கு இப்போது அவளுக்கே உரிய முகம் உள்ளது. மைக்கேலின் பார்வை நீங்கியதும் மனிதர் பலராகின்றனர். உலகம் தட்டையாகிவிடவில்லை, அவன் கேட்கும் முறையே அதனைத் தட்டையாக்கியது என்பதற்கு இது வலுவான சான்று.

இங்குப் படத்தின் குறை ஒன்றையும் சுட்டவேண்டும். ஏறத்தாழ முழு நேரமும் மைக்கேலின் செவியே நம் செவி. லிசாவின் தனிமை அவனுடையதினும் நீண்டது. அவள் அதனைப் பழிகூறாமல் சுமக்கிறாள். ஆயினும் அவன் அவளை விரும்பும்வரை மட்டுமே அவள் குரல் நமக்குக் கேட்கிறது. கடைசி ஒரு காட்சியில் அவளிடம் திரும்புவது ஈடுசெய்யப் போதுமானதாகத் தோன்றவில்லை.

6. தமிழாக்கம் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

இத்தகைய படத்தைத் தமிழில் குரலேற்றம் செய்வதாயின், அந்நியமாதலா அந்நியமாக்கலா என்ற வினாவைத் திறந்தே வைப்பது எங்ஙனம்?

(அ) பால் காட்டும் விகுதி. ஆண்குரலில் பெண் பேசும்போது மொழி என்ன செய்கிறது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். இந்தியில் தன்மை வினைமுற்றும் பால் காட்டும். ஆண் ‘ஜாதா ஹூன்’ என்பான். பெண் ‘ஜாதீ ஹூன்’ என்பாள். ஆதலின் இந்தியில் நூனனின் குரல் பெண்ணுக்காகப் பேசும்தோறும் குரலும் விகுதியும் மோதிக்கொள்ளும். ஒருமை குலையும், நகைப்பும் தோன்றும். தமிழில் ‘போகிறேன்’ என்பது இருபாலார்க்கும் பொது. பால் வேறுபாடு படர்க்கையில் மட்டுமே வெளிப்படும். மலையாளத்தில் வினைமுற்று இடம், பால், எண் எதனையும் காட்டுவதில்லை. இவ்வகையில் திராவிட மொழிகள் இப்படத்துக்கு இந்தியைக் காட்டிலும் இசைவானவை.

(ஆ) முன்னிலைப் பெயர். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல், அனைவரும் ஒருவராகத் தோன்றும் உலகுக்கு மிகவும் ஏற்றது. தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் பிரிவும், ‘சார்’, ‘அப்பா’ முதலிய விளிகளும் உறவுகளை உடனே வேறுபடுத்திவிடும். மைக்கேலிடம் பேசும் அனைவருக்கும் ‘நீங்க’ என்பதையே கொள்வது தகும். விடுதிப் பணியாளர்க்கு அது இயல்பு. மனைவிக்கும் மகனுக்கும் பல வீடுகளில் வழக்கு. பெல்லாவின் வாயிலோ அது பிரிவின் தொலைவைக் காட்டும். லிசாவும் முதலில் ‘நீங்க’ என்றே தொடங்குவாள். ‘நீ’ எப்போது வருகிறது என்பதே அவ்விரவின் நெருக்கத்தை அளக்கும். காலையில் அவள் குரல் மறையும்போது மீண்டும் ‘நீங்க’ என மாற்றிவிடும் ஆசை மொழிபெயர்ப்பாளர்க்கு எழும். அதனைத் தவிர்த்தல் வேண்டும். மாற்றினால் விலகியவள் லிசா என்றாகிவிடும். மூலத்தில் மாறுவது அவள் பேச்சன்று, அவன் கேள்வி.

(இ) வழக்கு. கார் ஓட்டுநருக்குச் சென்னைப் பேச்சும், சிற்றூராருக்கு வட்டாரப் பேச்சும் தருவது நம் குரலேற்றத்தில் ஊறிய பழக்கம். இப்படத்தில் அது படத்தின் பொருளையே அழித்துவிடும். மைக்கேல், லிசா இருவர்க்கன்றி ஏனைய அனைவர்க்கும் ஊரும் சாதியும் தெரியாத பொதுப் பேச்சுத்தமிழே பொருந்தும். மைக்கேலின் ஆங்கிலேய ஒலிப்பு அமெரிக்கர் நடுவே தனித்து ஒலிப்பதால், அவன் தமிழுக்கும் சிறு வேறுபாடு வேண்டும்.

(ஈ) தலைப்புச் சொல். ‘அனோமலி’, ‘லிசா’ இரண்டும் ‘லி’ என்னும் அசையில் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து ஒரு சொல்லாகின்றன. ‘விதிவிலக்கு’ என்பது பொருளுக்கு நெருங்கியதாயினும் இவ்வொலியிணைப்புக்கு இடந்தராது. ‘விலக்கு’ என்பதிலோ ஒதுக்கிவைத்தல் என்ற பொருளும் தொனிக்கும். மைக்கேல் வாழ்த்தாகச் சொன்னது வசையாகிவிடும். சொல்லை அவ்வாறே கொண்டு, உரையாடலில் ஒருமுறை விளக்குவதே நன்று.

(உ) சப்டைட்டில். கேட்கும் திறனுடையோர் திரையடி வரிகளைப் படித்தபடியே மூலக்குரலையும் கேட்பர். அவர்க்கு இழப்பு குறைவு. செவித்திறன் குறைந்தோர்க்கான வரிகளில் பேசுபவரின் பெயர் இடப்படும். அப்போது குரலின் ஒருமை மறைந்து ஆட்கள் தெளிவாகப் பிரிந்துவிடுவர். திரையரங்குகளில் செவி, பார்வைத் திறன் குறைந்தோர்க்கான வசதிகள் குறித்து நடுவண் அரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2024இல் நெறிமுறை வெளியிட்டுள்ளது. அவ்வசதிகளைச் செய்வோர் ‘அனைவர்க்கும் ஒரே ஆண்குரல்’ என்று தொடக்கத்திலும், லிசாவின் குரல் முதலில் கேட்கும் இடத்தில் ‘வேறு குரல்’ என்றும், காலை உணவின்போது ‘லிசாவின் குரலில் பொதுக்குரல் கலக்கிறது’ என்றும் குறித்தல் இன்றியமையாதது. தனிமையைப் பற்றிய படம் ஒரு சாராருக்கு மட்டும் எட்டாமற்போதல் முறையன்று.

7. முடிவுரை

இப்படத்தின் ஒரே குரலுக்கு மூன்று காரணங்கள் கூறப்படலாம்: நோய், சேவை மொழி, மைக்கேலின் கேட்கும் முறை. முதலாவதற்குப் பெயர்ப்பலகையும் ஒரு கனவுமே சான்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் படத்தில் வலுவான சான்றுகள் உண்டு. அவை ஒன்றையொன்று விலக்குவனவல்ல. எல்லாரையும் ஒருபோலப் பேசப் பயிற்றுவித்த ஒருவன், எல்லாரையும் ஒருபோலக் கேட்கவும் பழகிவிட்டான். ஆக்கலும் ஆதலும் இங்குத் தொடர்ந்து நிகழ்கின்றன.

மனநலம் பற்றிய படைப்புகளை மொழிபெயர்ப்போர் கலைச்சொற்களைத் தேடுவதில் மிகுந்த உழைப்பைச் செலவிடுகின்றனர். அது தேவையே. ஆனால் ஒருவரின் துன்பம் நோய்ப்பெயரில் மட்டும் தங்கியிருப்பதில்லை. யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர், யார் பேச்சை யார் திருத்துகின்றனர், எக்குரல் எங்கே மறைகிறது என்பவற்றிலும் அது தங்கியுள்ளது. இவையனைத்தும் மொழியியலார் நாள்தோறும் கையாளும் பொருள்கள். இவற்றைக் கூர்ந்து கேட்டு மொழிபெயர்க்கும்போது லிசாவின் குரல் தமிழிலும் லிசாவின் குரலாகவே ஒலிக்கக்கூடும்.